புகைப்பழக்கத்தை விடுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

“தினம் ஒரு பாக்கெட், 20 சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன், இப்போது நாலுதான்” என்பவர் ஆபத்தும் ஐந்தில் ஒன்றாகிவிட்டதாகக் கணக்குப் போடுகிறார். நுரையீரல் புற்றுநோயில் அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். இதயத்தில் செல்லாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான கணக்கின்படி, தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்குக் கூடும் மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறையப் பாதி இருக்கிறது. கொஞ்சம் புகை போனாலே ரத்தத் தட்டணுக்கள் ஒட்டும் தன்மை பெறுகின்றன, ரத்தக்குழாயின் உள்சுவரும் கெடுகிறது. போதாததற்கு, எண்ணிக்கையைக் குறைத்தவர் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்து, பஞ்சு சுடும்வரை விடுவதில்லை. உடம்பு தனக்குப் பழகிய நிகோடினைக் கேட்டு வாங்கிவிடும். குறைப்பது விடுவதற்கான படியாக இருந்தால் சரி. அங்கேயே உட்கார்ந்துவிட்டால் பெரிய லாபமில்லை.

‘லைட்’ சிகரெட்டும் இதே ஏமாற்று. அதன் ஃபில்டரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு. ஆய்வகத்தில் இயந்திரம் இழுக்கும்போது அந்த வழியே காற்று கலந்து தார் அளவு குறைவாகப் பதிவாகும். மனிதன் பிடிக்கும்போது விரலும் உதடும் ஓட்டைகளை அடைத்துவிடும்.

பீடிக்கு வேறு நியாயம் சொல்வார்கள்: சின்னது, இலையில் சுற்றியது, கெமிக்கல் கிடையாது. சிகரெட்டைவிடப் புகையிலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் பீடி இலை காற்றை எளிதில் உள்ளே விடாது, அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் இழுப்புகள் கூடுகின்றன. தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகின்றன. தமிழ்நாட்டில் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை விசாரித்த ஆய்வு 2003-ல் வெளியானது. நகரத்தில் சிகரெட், கிராமத்தில் பெரும்பாலும் பீடி. புகைத்தவர்கள் காசநோயில் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைப்போல நாலு மடங்கு அளவுக்கு இருந்தது. ஆகவே இரண்டு வாரம் தாண்டிய இருமலை ‘பீடி இருமல்’ என்று ஒதுக்கக் கூடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம்.

“எக்ஸ்ரே எடுத்தாச்சு, நெஞ்சு சுத்தமா இருக்கு” என்பதும் தப்பான ஆறுதல். மூச்சுக்குழாய்கள் மெல்லச் சுருங்கும் நோய் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. குழாயில் வேகமாக ஊதச் சொல்லி அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனைதான் அதைக் காட்டும். மாடி ஏறும்போது கூட வருபவர் பேசிக்கொண்டே வர, உங்களால் முடியவில்லை என்றால் அந்தப் பரிசோதனைக்கு நேரமாகிவிட்டது.

இனி, விடும்போது நடக்கும் தவறுகள். நிகோடின் ரத்தத்தில் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் எல்லாம் முதல் 2, 3 நாளில் உச்சம் தொட்டு, 2 முதல் 4 வாரத்தில் தணியும். இந்த நேரத்தில் பலர் தம்முக்குப் பதிலாக இன்னொரு காபி குடிக்கிறார்கள். அதுதான் கெடுக்கிறது. புகையில் உள்ள தார்ப்பொருட்கள் கல்லீரலை முடுக்கி, காஃபினை வேகமாக உடைக்க வைத்திருந்தன. புகை நின்றதும் அந்த வேகம் போய்விடும். அதே மூன்று டம்ளர் காபி இப்போது ஏறக்குறைய ஆறு டம்ளரின் வேலையைச் செய்யும். படபடப்பும் தூக்கமின்மையும் வர, பழி நிகோடின் மேல் விழுகிறது. முதல் வாரமே காபியையும் டீயையும் பாதியாக்குங்கள். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநோய்க்குக் குளோசாபின், ஒலான்சாபின் சாப்பிடுபவர்களுக்கும் இதே காரணத்தால் மருந்து ரத்தத்தில் ஏறும். விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிபார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும்.

நிகோடின் சூயிங்கம் வாங்கியவர்களில் பாதிப்பேர் அதைச் சாதாரண பபிள்கம் மாதிரி மென்றுவிட்டு “வேலை செய்யல” என்று தூக்கிப் போடுகிறார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். அது உறிஞ்சப்பட வேண்டிய இடம் கன்னத்தின் உள்தோல். மெதுவாக மெல்லுங்கள். நாக்கில் மிளகு பட்டதுபோல் சுருக்கென்றதும் நிறுத்தி, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். அந்தச் சுருக்கு அடங்கியதும் மறுபடி மென்று, வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு கம் அரை மணி நேரம் வரும். மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, பழச்சாறு, சோடா கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் சரியாக உள்ளே இறங்காது.

அளவிலும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். எழுந்த அரை மணிக்குள் முதல் தம் போடுபவருக்கு 4 மில்லிகிராம் தேவை, அதற்குப் பிறகு பிடிப்பவருக்கு 2 போதும். 4 மில்லிகிராமுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு கம். ஏக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல் நேரம் பார்த்துப் போட வேண்டும். பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் 12 வாரத்தில் நிறுத்தலாம். தோலில் ஒட்டிக்கொண்டு நாளெல்லாம் ஒரே சீராக நிகோடின் தரும் பேட்ச்சையும் அவசரத்துக்குக் கம்மையும் சேர்த்துப் பயன்படுத்துவது, ஒன்றை மட்டும் நம்புவதைவிட நன்றாக வேலை செய்கிறது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது.

விட்ட சில நாளில் இருமலும் சளியும் கூடலாம். “பிடிக்கும்போதுகூட இப்படி இல்லை” என்று திரும்பவும் பற்ற வைப்பவர்கள் உண்டு. புகையால் படுத்துக் கிடந்த மூச்சுக்குழாய் நுண்முடிகள் எழுந்து சளியை மேலே தள்ளுவதால் வருவது அது. சில வாரங்களில் அடங்கும். ரத்தம் கலந்து வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

புகைக்குப் பதிலாகப் புகையிலையை வாயில் ஒதுக்குவது நோயை நுரையீரலிலிருந்து வாய்க்கு மாற்றுவதுதான். மின்சிகரெட் விற்பனை நாட்டில் 2019 முதல் தடை.

கல்யாண வீட்டில் ஒன்று பிடித்துவிட்டால், “எல்லாம் போச்சு” என்று பாக்கெட் வாங்காதீர்கள். மிச்சத்தைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுவிட்டு, அன்றைக்கே அடுத்த கம்மை நேரத்துக்குப் போடுங்கள். பேச ஆள் வேண்டுமானால், புகையிலையை விட உதவும் தேசிய எண் 1800-11-2356, கட்டணமில்லை. எண்ணைத் தேட வேண்டியதில்லை, சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறது.