ஐப்பசிக்கு முன்னால் டயர் மாற்றுங்கள்: நெல்லைப் பக்கம் வேகமான செடான் ஓட்டுபவர்களுக்கு

கனடாவில் இருக்கும் என் மச்சான் வருடா வருடம் பனி விழுவதற்கு முன்பே காருக்குக் குளிர்கால டயர் மாற்றிவிடுவார். போன தடவை ஊருக்கு வந்தபோது என் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்ள, இங்கயும் அப்படி ஒரு செட் போட்டா மழைக்கு நல்லா பிடிக்குமே" என்றார். அவர் மட்டுமல்ல, வேறு இரண்டு நண்பர்களும் இதையே கேட்டார்கள். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். 7 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினாலும் ரப்பர் இறுகிப்போகக் கூடாது என்று செய்த டயர் அது. பாளையங்கோட்டையில் மார்கழி விடியற்காலையில்கூட அந்தக் குளிர் வராது. நம் வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் அந்த மெது ரப்பர் மளமளவென்று தேயும், வளைவில் கார் நெளியும், பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் கூடும். மூன்று முகட்டு மலைக்குள் பனித்துகள் வரைந்த குறி பக்கவாட்டில் இருந்தால் அது பனியில் பிடிக்கும் என்று சோதித்த டயர், குளிர்கால டயர்களில் இந்தக் குறி இருக்கும். குளிர்கால டயர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

நம் பக்கம் டயருக்குச் சோதனை ஐப்பசி, கார்த்திகை மழைதான். இந்த மழையின் குணம் தெரிந்தால்தான் டயரைச் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும். பல மாதம் வெயிலில் காய்ந்து எண்ணெயும் ரப்பர் தூளும் படிந்த ரோட்டில் முதல் மழை விழுந்ததும் அது சோப்பு தேய்த்த தரை மாதிரி ஆகிவிடும். அப்புறம் பிசான நெல் நடவு தொடங்கும், வயலிலிருந்து ஏறும் டிராக்டர்கள் அம்பாசமுத்திரம் ரோடு முழுக்கச் சகதியை இழுத்துவிட்டுப் போகும். குளங்கள் நிரம்பி மறுகால் பாய்ந்தால் ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடும். நான்குவழிச்சாலையிலோ மீடியன் ஓரமாக, வேகமாகப் போகிறவர்கள் ஓட்டும் அதே லேனில் தண்ணீர் தேங்கி நிற்கும்.

அந்தத் தண்ணீரில்தான் எனக்குப் புத்தி வந்தது. நாங்குநேரி தாண்டி வள்ளியூர் நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன், மழை விட்டுத் தூறலாக இருந்தது, வேகம் 100 இருக்கும், பின் சீட்டில் அம்மாவும் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், திடீரென்று ஸ்டீயரிங்கில் கனமே இல்லை, என்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, கார் ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ என் கையில் இல்லை. பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரை மட்டும் மெல்ல விட்டதால் டயர் மறுபடி ரோட்டைப் பிடித்தது. வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தால் முன் டயரில் பட்டன் ஆழம், அதாவது தண்ணீர் வெளியேற ரப்பரில் வெட்டியிருக்கும் காடியின் ஆழம், 2 மி.மீ.தான் இருந்தது. சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், ஆகவே குற்றமில்லை. ஆனால் புதிதில் ஏறக்குறைய 8 மி.மீ. இருக்கும் காடி 2 மி.மீ. ஆகிவிட்டால் அதில் எவ்வளவு தண்ணீர் போக முடியும் என்று யோசித்துப் பாருங்கள். நான் இப்போது 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுகிறேன். ஆழம் பார்க்கும் கேஜ் விலை அதிகமில்லை, ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள்.

இதில் காற்றழுத்தத்துக்கும் பெரிய பங்கு உண்டு. விமான டயர்களுக்காக நாசா போட்ட ஒரு கணக்கு இருக்கிறது, கார்களுக்கும் தோராயமாக அதைப் பயன்படுத்துகிறார்கள். டயர் வெளியேற்ற முடியாத அளவு தண்ணீர் நின்றால், 33 பிஎஸ்ஐ உள்ள டயர் சுமார் 95 கி.மீ. வேகத்தில் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும், 25 பிஎஸ்ஐ என்றால் 83-லேயே மிதந்துவிடும். ஆகவே மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓட்டுநர் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியிலோ ஒட்டியிருக்கும் அளவை, காலையில் கார் எடுப்பதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது? விர்டஸ் ஜிடி, ஸ்லாவியா 1.5, வெர்னா டர்போ மாதிரி 150 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு 205/55 ஆர் 16 என்ற அளவு வரும். அதாவது அகலம் 205 மி.மீ., பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், வீல் விட்டம் 16 அங்குலம். பின்னால் 91வி என்று இருந்தால், 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பது, வி என்பது 240 கி.மீ. வேகம் வரை தாங்கும் என்பது. இந்த இரண்டிலும் கம்பெனி கொடுத்ததற்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த வேகத்தில் நாம் போகப்போவதில்லை என்பது உண்மைதான், ஆனால் சித்திரை வெயிலில் முழு லோடோடு மதுரை வரை போகும்போது அந்தச் சூட்டைத் தாங்குகிற கட்டுமானம் தேவை.

இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்கு வரும் ஆசை, 17 அங்குல அலாய்க்கு மாறி டயரையும் அகலமாக்குவது. பார்க்க அழகுதான், எனக்கும் ஆசை வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அகலத்தை மாற்றாமல் 205/50 ஆர் 17 போட்டால் வெளி விட்டம் ஒரு சதவீதத்துக்குள்தான் மாறும், ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. ஆனால் பக்கவாட்டு உயரம் 113 மி.மீ.யிலிருந்து 102 ஆகிவிடும். மழைக்குப் பின் நம் கிராமத்து ரோடுகளில், தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத குழியில் ஒரு தடவை இறங்கினால் போதும், சைடு வாலில் புடைப்பு வந்துவிடும். புடைப்பு வந்த டயரை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். அகலத்தையும் கூட்டினால் இன்னொரு சிக்கல், டயர் அகலமாக ஆக அதே வேகத்தில் அது விலக்க வேண்டிய தண்ணீரும் கூடும். மழைக்காகத்தான் டயர் மாற்றுகிறீர்கள் என்றால் கம்பெனி அளவிலேயே இருங்கள்.

பட்டன் வடிவத்தில், சுற்றிலும் நீளவாக்கில் மூன்று நான்கு அகலமான காடி இருக்கிற, ஓரங்களில் மெல்லிய கீறல்கள் நிறைய உள்ள டயரைப் பாருங்கள். ட்ரெட்வேர் எண் அச்சிட்டிருந்தால், எண் கூடக் கூட டயர் மெதுவாகத் தேயும். ஒரு லட்சம் ஓடும் என்ற பேச்சுக்கு மயங்கி மிகக் கடினமான ரப்பரை வாங்கினால் ஈர ரோட்டில் பெரும்பாலும் அதற்கு விலை கொடுப்போம். ட்ராக்‌ஷன் என்ற எழுத்து ஈரத்தில் நேராக பிரேக் பிடித்துச் சோதித்துக் கொடுப்பது. இரட்டை ஏ, ஒற்றை ஏ இருந்தால் எடுக்கலாம், பி என்றால் நான் எடுக்க மாட்டேன். மிஷலின் பிரைமசி 4 எஸ்டி, கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட் யூசி6, குட்இயர் அஷ்யூரன்ஸ் டிரிபிள்மேக்ஸ் 2 போன்றவை இந்தத் தேவைக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை.

தேதி பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். ஒரு கடையில் "புது ஸ்டாக்" என்று சொல்லி இரண்டு வருடப் பழைய டயரை என் வண்டியில் மாட்டப் பார்த்தார்கள், நான் குனிந்து படித்ததால் தப்பித்தேன். நான்கு டயரிலும் தேதியைப் படியுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து.

இரண்டு மட்டும் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம், இதை அழுத்திச் சொல்கிறேன். எந்தக் கடை அண்ணாச்சியும் "முன் வீல்தானே இழுக்குது, புதுசை முன்னால போடுவோம்" என்பார். கேட்காதீர்கள், புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன் டயர் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் உணர்ந்து வேகத்தைக் குறைக்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், புளியரை எஸ் வளைவில் சாரல் நேரத்தில் அப்படிச் சுழன்றால் அதைத் திருப்பிப் பிடிக்க நம்மில் பெரும்பாலோருக்குப் பழக்கம் கிடையாது.

ஒன்று மட்டும் எந்த டயராலும் முடியாது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதும் தாமிரபரணி ஊருக்குள் வந்ததும் நமக்கெல்லாம் நினைவிருக்கும். ஓடும் தண்ணீர் ஓர் அடி ஆழம் இருந்தாலே சிறிய காரைத் தூக்கிவிடும். மறுகால் ரோட்டைத் தாண்டுகிறது என்றால் வண்டியைத் திருப்பிவிடுங்கள், உங்கள் டயர் எவ்வளவு புதிதாக இருந்தாலும்.

புரட்டாசியிலேயே மாற்றிவிடுவது நல்லது. புது டயரின் மேல் அதை வார்த்த அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும், முதல் 200, 300 கி.மீ. அது தேயும் வரை மெதுவாகப் போக வேண்டும். நெல்லையிலிருந்து தென்காசிக்கு இரண்டு தடவை போய் வந்தால் அது முடிந்துவிடும். மாட்டும்போதே அலைன்மென்ட், பேலன்சிங் பார்த்துவிடுங்கள், ஒரு வாரம் கழித்துக் காற்றையும் வீல் நட்டுகளையும் இன்னொரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள்.