பழைய மாடர்ன் சேருக்கு பளிச்னு துணி போடப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

துணியை முதல்ல வாங்கிட்டு, அதுக்கப்புறம் இதை எந்தப் பழைய மாடர்ன் சேருக்கு, அதாவது போன நூற்றாண்டுல பேர்போன டிசைனருங்க பண்ண சேருக்கு, போடலாம்னு வீட்டைச் சுத்திச் சுத்திப் பாக்குறது, பாதித் தப்பு இங்கயே ஆரம்பிச்சுடுது. நானும் அப்படி வாங்கினவன்தான். ஆரஞ்சும் கருநீலமும் பட்டை பட்டையா ஓடுற ஒரு துணி, பாத்ததும் கண்ணு நகரல, மூணு மீட்டர் வாங்கிட்டு வந்துட்டேன், அது என்னாச்சுன்னு கீழ சொல்றேன். சாம்பல் கலர் ப்ளெயின் துணில பத்துத் தப்பு பண்ணாலும் வெளில தெரியாது, அதே தப்பு பெரிய பூ போட்ட துணிலயோ பட்டைக்கோடு துணிலயோ இருந்தா ரூமுக்குள்ள நுழையுறவங்க கண்ணுல முதல்ல அதுதான் படும். அதனால சேரோட உடம்பு எங்க வளையுது எங்க தட்டையா இருக்குன்னு முதல்ல பாருங்க, எந்தத் துணி அதுல உக்காரும்னு அதுவே சொல்லிடும்.

"கிளாசிக் சேருக்குப் போய் இப்படிக் கலர் துணியா, கறுப்பும் பழுப்பும்தானே ஒரிஜினல்"னு சொல்றவங்களை மட்டும் கண்டுக்காதீங்க. ஹெர்மன் மில்லர்ங்கற அமெரிக்க ஃபர்னிச்சர் கம்பெனியோட துணிப் பிரிவை 1952ல இருந்து பாத்துக்கிட்டவர் டிசைனர் அலெக்ஸாண்டர் ஜிரார்ட், ரோஸ், ஆரஞ்சு, மஞ்சள்னு மனுஷன் பூந்து விளையாடியிருக்காரு. ஃப்ரெஞ்சு டிசைனர் பியர் பாலின் 1966ல பண்ண ரிப்பன் சேர்ல, துணி டிசைனர் ஜாக் லெனார் லார்சன் டிசைன் பண்ண அலை அலையான ப்ரிண்ட் துணி போட்டு வந்ததைப் பாத்தா இன்னைக்கும் தலை சுத்தும். ஆக, கலர்ல தப்பு இல்ல, தப்பெல்லாம் துணிக்கும் வடிவத்துக்கும் ஒத்துப் போகாத இடத்துலதான்.

வடிவம்னு சொன்னேன்ல, அதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா அதிகமா காசு வீணாகுறது இங்கதான். ஒரு பந்து மேல நியூஸ்பேப்பரைச் சுத்திப் பாருங்க, எங்கயாவது மடியும், எங்கயாவது கிழியும், ஒழுங்கா உக்காரவே உக்காராது. டென்மார்க் ஆர்க்கிடெக்ட் ஆர்னே யாகோப்சன் கோபன்ஹேகன் எஸ்.ஏ.எஸ். ராயல் ஹோட்டலுக்காக 1958ல பண்ண எக் சேர், ஸ்வான் சேர், அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ஈரோ சாரினனோட 1948 வூம் சேர், இதெல்லாம் அந்தப் பந்து மாதிரிதான், ஒரே இடத்துல ரெண்டு திசைலயும் வளையும். இதுக்கு இழுத்தா நீளுற துணி வேணும். கம்பளித் துணி கொஞ்சம் நீளும், ஆவி காட்டினா இன்னும் கொஞ்சம் இறங்கும். கெட்டியான காட்டன் ப்ரிண்ட், கிலிம் மாதிரி கம்பளத் துணி, சரிகை நெசவு இதெல்லாம் ஒரு இஞ்ச் கூட விட்டுக் கொடுக்காது, கடைசில மூலைக்கு மூலை கொசுவம் வெச்ச மாதிரி மடிப்பு நிக்கும். பாலின் அறுபதுகள்ல இதைப் புரிஞ்சுதான் இரும்புச் சட்டத்து மேல ஃபோம் சுத்தி, நீச்சல் டிரஸ் மாட்டுற மாதிரி இழுபடுற ஜெர்சித் துணியை மாட்டி விட்டாரு. அவரோட மஷ்ரூம், டங் (நாக்கு) சேர்களுக்கு முரட்டுத் துணி போட நினைக்கறவங்க அதையே யோசிச்சுப் பாக்கணும்.

இன்னொண்ணு, மேடா இருக்கற இடத்துல துணி எப்படியோ உக்காந்துடும், குழியா இருக்கற இடத்துலதான் வம்பு. நாலு பக்கமும் இழுத்து ஸ்டேப்ளர் அடிச்சீங்கன்னா நடுவுல துணி கூடாரம் மாதிரி எழும்பி நிக்கும், ஃபோமைத் தொடவே தொடாது. அங்க ஒண்ணு பசை போட்டு ஒட்டணும் இல்ல உள்ள இருந்து தைச்சு இழுத்துக் கட்டணும். மெல்லிசு துணிக்குப் பசை போட்டா திட்டுத் திட்டா வெளில ஊறித் தெரியும், அதையும் ஒரு துண்டுல போட்டு ஒரு நாள் விட்டுப் பாத்துட்டு அப்புறம் சேருக்குப் போங்க. முழுத் துணி வாங்குறதுக்கு முன்னாடி அரை மீட்டர் மட்டும் வாங்கி, சேர்லயே ரொம்ப மோசமா வளையுற இடத்துல குத்தூசி போட்டுப் பாருங்க, நேரா ஒரு தடவை, மூலைவாட்டா ஒரு தடவை. பத்து நிமிஷ வேலை.

அடுத்தது டிசைன் ரிப்பீட். துணி சாதாரணமா 137ல இருந்து 140 சென்டிமீட்டர் அகலம் வரும், நீளத்துல ஒரு டிசைன் திரும்ப எங்க ஆரம்பிக்குதோ அதுவரைக்கும் உள்ள தூரம்தான் ரிப்பீட். நாலு பீஸ் வெட்டணும், ஒவ்வொண்ணும் 50 சென்டிமீட்டர் உயரம்னு வெச்சுக்கோங்க, ப்ளெயின் துணில ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வெட்டினா 2 மீட்டர்ல முடிஞ்சுடும். ரிப்பீட் 64 சென்டிமீட்டர்னா ஒவ்வொரு பீஸும் அதே பூவுல இருந்து ஆரம்பிக்கணும், அப்ப 256 ஆயிடும், முதல் பூவை நடுவுல கொண்டு வர்றதுக்காக கூட இன்னொரு 64 சேத்தா 320. 2 மீட்டர் வேலை 3 மீட்டர் 20 ஆயிடுச்சு. இதைக் கணக்குப் போடாம வாங்கிட்டு, பின்பக்கத்துக்குப் பத்தலன்னு திரும்பப் போனா அதே துணி இருக்கும், ஆனா வேற சாயத் தொட்டில வந்த லாட்டா இருக்கும், பக்கத்துல வெச்சா கலர் ஒட்டாது.

எந்தப் பூ எங்க வரணும்ங்கறதைக் கண்ணால மட்டும் முடிவு பண்ணாதீங்க. ஒரு பெரிய அட்டைல சாய்மான அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டிக்கோங்க, அதைத் துணி மேல நகத்தி நகத்திப் பாருங்க. பறவை போட்ட துணின்னா தையல்ல கழுத்து அறுபடற மாதிரி வருதா, பூ பாதில போய் முட்டுதா எல்லாம் அதுல தெரியும். முக்கியமான உருவம் சாய்மானத்துல நட்டநடுவுக்குக் கொஞ்சம் மேல இருந்தா நல்லா இருக்கும், சரியா நடுவுல வெச்சா பாக்குறதுக்குக் கீழ இறங்கின மாதிரிதான் தோணும்.

இப்ப என் பட்டைக்கோடு கதை. சதுரமான மரச்சட்டச் சேர், சீட் ஒண்ணு சாய்மானம் ஒண்ணு, இதை விட ஈஸியா எதுவும் இல்லன்னு நெனச்சேன். சீட்டுக்கு நடுக்கோடு போட்டு வெட்டினேன், சாய்மானத்துக்குத் தனியா நடுக்கோடு போட்டு வெட்டினேன், ரெண்டையும் தனித்தனியா தைச்சு மாட்டினா சீட்ல இருந்து மேல ஏற வேண்டிய ஆரஞ்சுப் பட்டை ஒரு கட்டைவிரல் அளவு இடது பக்கம் தள்ளி நிக்குது. சட்டமே பழசானதுல கொஞ்சம் கோணியிருக்கு, நான் அளந்தது குஷனை, அளந்திருக்க வேண்டியது சட்டத்தை. சட்டத்தோட மேல் நடுவுல இருந்து முன் நடு வரைக்கும் ஒரு நூலைக் கட்டி இழுத்து, அந்த நூலுக்குக் கீழ ரெண்டு பீஸையும் வெச்சு சாக்பீஸ்ல குறிச்சிருந்தா முடிஞ்சுது. இதுல இன்னொரு கூத்து, ஃபோம் நடுவுல உப்பலா இருந்ததால வெட்டும்போது நேரா இருந்த கோடெல்லாம் மாட்டினதும் பீப்பாய் மாதிரி வெளில வளைஞ்சுது. கோடு போட்ட துணிக்கு ஃபோம் மேல உப்பல் கம்மியா இருக்கணும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. சீட் முன்னாடி அகலமாவும் பின்னாடி குறுகலாவும் இருந்தா ஓரத்துக் கோடுங்க விளிம்புல வெட்டிட்டுத்தான் போகும், அதுக்குக் கவலைப்படாதீங்க, நடுக்கோடு நேரா இருந்தா போதும்.

வெல்வெட் எடுக்கறவங்க கையால ஒரு தடவை மேலயும் கீழயும் தடவிப் பாருங்க, ஒரு பக்கம் வழுக்கும், ஒரு பக்கம் முரண்டு பிடிக்கும். எல்லா பீஸும் ஒரே பக்கம் படிஞ்சிருக்கணும், சாய்மானத்துல கீழ் நோக்கி, சீட்ல முன் நோக்கி. ஒரு பீஸ் மட்டும் திரும்பிடுச்சுன்னா ஒரே பச்சைல ரெண்டு பச்சை தெரியும், பிரிச்சுத் திரும்ப வெட்டறதைத் தவிர வேற வழி கிடையாது.

பலம். கர்ட்டன் துணியும் சட்டைத் துணியும் அழகாத்தான் இருக்கும், ஆனா ஆள் உக்காந்து எழுந்து தேயுற வேலைக்கு அதை நெய்யல. மார்ட்டின்டேல்னு ஒரு எண் துணி விவரத்துல போட்டிருக்கும், எத்தனை சுத்து தேய்ச்சா துணி தேயுதுங்கற கணக்கு, வீட்ல தினமும் உக்கார்ற சேருக்கு 20,000க்கு மேல பாத்து எடுங்க, ஆபீஸ் மாதிரி இடம்னா 30,000க்கு மேல. ஆனா அந்த எண்ணை மட்டும் நம்பிடாதீங்க, அது தேய்மானத்தைத்தான் சொல்லும், இழுபடும்போது தையல் பக்கத்துல இழை விலகிப் பல்லைக் காட்டுமாங்கறதை அது சொல்லாது. தளர்வா நெய்ஞ்ச துணின்னா ரெண்டு விரலால விளிம்பைப் பிடிச்சு இழுத்துப் பாருங்க, இழை நகர்ந்தா பின்னாடி ஒரு லைனிங் ஒட்டி அப்புறம் தைங்க. ஜன்னல் ஓரத்துல போடப் போற சேர்னா வெயில்ல சிவப்பும் ரோஸும் எவ்வளவு வெளுக்கும்னு கேட்டுட்டு வாங்குங்க.

மேல துணி புதுசு, உள்ள இருக்கற ஃபோம் அறுபது வருஷப் பழசு, இதுவும் அடிக்கடி நடக்கறதுதான். பழைய ரப்பர் ஃபோம் ஒண்ணு பிசுபிசுன்னு ஒட்டும், இல்ல தொட்டா மஞ்சள் மாவா உதிரும், அதுமேல துணி போட்டா ஆறு மாசத்துல குழி விழுந்துடும். அதைத் தாங்குற ரப்பர் நாடாவும் விரிசல் விட்டிருக்கும், அதையும் மாத்துங்க. சரி மாத்துறோம்னு கிளம்பி, சொகுசா இருக்கட்டும்னு ரெண்டு இஞ்ச் தடிப்பா ஃபோம் வெக்கறது அடுத்த தப்பு. உக்காந்தா கைப்பிடி இடுப்புக்குக் கீழ போயிடும், சேரோட மெல்லிசான கோடே காணாமப் போயிடும், பாக்க ஊதின பன்னு மாதிரி இருக்கும். பழைய ஃபோம் அமுங்கிக் கிடக்கற அளவை எடுக்காதீங்க, ஓரத்துல ஆள் உக்காராத இடத்துல அளந்து அதே தடிப்புல, சீட்டுக்குன்னா கன மீட்டருக்கு 30, 35 கிலோ அடர்த்தில போடுங்க.

துணியே போடக் கூடாத சேரும் இருக்கு. டென்மார்க் டிசைனர் ஹான்ஸ் வெக்னர் 1949ல டிசைன் பண்ண விஷ்போன் சேரோட சீட் கிட்டத்தட்ட 120 மீட்டர் காகிதக் கயித்துல கையால பின்னினது, அதைப் பிச்சுட்டு ப்ளைவுட் வெச்சு துணி அடிக்கறதைப் பாத்தா வயிறு எரியும், கலர் வேணும்னா மேல ஒரு மெத்தை போட்டுக்கோங்க. ஜெர்மன் டிசைனருங்க மீஸ் வான் டெர் ரோவும் லில்லி ரைக்கும் பண்ண 1929 பார்சலோனா சேர்ல குஷன் முழுக்கச் சதுரம் சதுரமா துண்டு போட்டு பட்டன் வெச்சிருக்கும், அதுல பெரிய ப்ரிண்ட் துணி போட்டா எந்தப் பூவும் முழுசா தெரியாது, அதுக்கு அடர் கலர் ப்ளெயின்தான். 1956 ஈம்ஸ் லவுஞ்ச் சேர்ல குஷன் தனியா கழண்டு வரும், அதனால பழைய தோல் குஷனை எடுத்துப் பத்திரமா வெச்சுட்டு புதுசா இன்னொரு செட் தைச்சுக்கலாம், ப்ளைவுட் ஓட்டுல ஒரு ஆணி கூட அடிக்க வேண்டாம். ப்ளைவுட்டைப் பிடிச்சுட்டு இருக்கற ரப்பர் மவுண்ட் பழசாயிருந்தா ஒட்டு விட்டுடும், குஷன் கழட்டும்போதே ஒரு தடவை பாத்துடுங்க.

பைப்பிங், அதாவது தையல் ஓரத்துல கயிறு மாதிரி வர்ற துணிப் பட்டை, வெக்கறதா இருந்தா க்ராஸ் பீஸ், அதாவது மூலைவாட்டுப் பட்டை, வெட்டித்தான் வெக்கணும், நேரா வெட்டினா வளைவுல சுருங்கும். கோடு துணிலயே க்ராஸ் பீஸ் வெட்டினீங்கன்னா பைப்பிங் மிட்டாய்க் குச்சி மாதிரி சுத்திச் சுத்தி வரும், சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது, நான் அந்தத் துணில இருக்கற ஒரு கலரை எடுத்து ப்ளெயின்ல வெப்பேன்.

பிரிக்கும்போது பழைய உறையைக் கிழிச்சு எறியாதீங்க, அதுதான் உங்க அளவு. ஒவ்வொரு பீஸ்லயும் எது மேல் பக்கம், எந்தப் பக்கம் முன்னாடின்னு மார்க்கர்ல எழுதுங்க, ஒவ்வொரு அடுக்கு பிரிக்கும்போதும் போட்டோ எடுங்க, ஏன்னா எது முதல்ல கழண்டுச்சோ அதுதான் கடைசில மாட்டணும். அடில கம்பெனி லேபிள் இருந்தா அது மேல துணியை அடிச்சு மூடிடாதீங்க, பின்னாடி விக்கும்போது வாங்குறவங்க முதல்ல சேரைக் கவுத்து அதைத்தான் தேடுவாங்க.

கடைசியா சேரோட முதுகு. துணி பத்தலன்னா எல்லாரும் கஞ்சத்தனம் பண்ற இடம் அதுதான், சுவத்து ஓரமாத்தானே நிக்கப் போகுதுன்னு ஏதோ ஒரு துணியை அடிச்சு விட்டுடுவாங்க. இந்த மாதிரி சேரை யாரும் சுவத்துல ஒட்டிப் போட மாட்டாங்க, ரூம் நடுவுலதான் போடுவாங்க, உள்ள வர்றவங்க பாதிப் பேர் பாக்குறது முதுகைத்தான். என் ஆரஞ்சுச் சேர்ல சீட்டும் சாய்மானமும் கோணினதுக்கு அப்புறம் மிச்சத் துணியை முதுகுக்கு மட்டும் ஒழுங்கா நூல் கட்டி அடிச்சேன், இப்ப அது வாசலுக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கு.