ஃப்ரிட்ஜ் அடுக்கும் ஆட்டம்: வகுப்பறையில் நாமே செய்வது எப்படி?

பச்சைக் கறியைக் கீழ்த்தட்டில் வையுங்கள் என்று பத்துத் தடவை சொன்னாலும் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். முதலில் பரமபதம் வரைந்து, ஒவ்வொரு தப்புக்கும் ஒரு பாம்பு வைத்துப் பார்த்தேன். குஷியாக ஆடினார்கள். ஆனால் பகடை சொன்னபடி காய் நகர்ந்ததே தவிர, யோசிக்க அங்கே வேலையே இல்லை. தவிர, சமையலறைப் பாம்பு உடனே கொத்தாது. மறுநாள்தான் வயிற்றைக் கலக்கும். அதனால் மாற்றிச் செய்ததுதான் இது.

1. ஒரு சார்ட்டில் திறந்த ஃப்ரிட்ஜை வரையுங்கள். நான்கு தட்டு; தட்டுக்கு முன், நடு, பின் என்று மூன்று கட்டம். பக்கத்தில் சமையல் மேடை. அதற்கு மேலே 0 முதல் 120 வரை பத்துப் பத்தாக நிமிடக் கோடு.

2. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி 12 அட்டை செய்யுங்கள். நல்ல கெட்டியாக இருக்கும். பச்சைக் கோழி, பச்சை மீன், சோறு, சாம்பார், பொரியல், தயிர், கொத்தமல்லி, வெட்டிய தர்பூசணி, முழு வெங்காயம், தேதி மட்டும் மாறும் மூன்று பால் பாக்கெட்.

3. ஆடும் நான்கு பேரும் ஒரே அணி. எல்லா அட்டையும் மேடையில். ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது மூன்று அட்டையை உள்ளே வைத்துவிட்டுப் பகடை உருட்ட வேண்டும். நான்கு விழுந்தால் 40 நிமிடம் போச்சு. 120 ஆனதும், மேடையில் மிஞ்சியதில் வெங்காயம் தவிர எல்லாம் குப்பைக்கு. ஏன் 120? 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

4. அதுவரை நீங்கள் வாயே திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டம். ஆட்டம் முடிந்ததும் சிவப்புப் பேனாவை எடுங்கள். கோழியோ மீனோ இருக்கும் தட்டுக்குக் கீழே உள்ள அட்டை அத்தனையும் போச்சு, ஏனென்றால் கறித்தண்ணீர் சொட்டியிருக்கும். பழைய தேதிப் பால் பின்னால் போயிருந்தால் அதுவும் போச்சு; அதை யாரும் எடுக்கப் போவதில்லை. வெங்காயம் உள்ளே இருந்தால் ஒரு புள்ளி குறைவு. மிஞ்சிய அட்டைக்குத் தலா ஒரு புள்ளி.

இங்கே ஒரு சண்டை நிச்சயம் வரும்: “சோத்தைச் சூடு பண்ணிச் சாப்பிட்டா சரியாயிடுமே மிஸ்?” ஆகாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. அடுத்து, “அப்போ பழைய சோறு?” என்பார்கள். தண்ணீர் ஊற்றிப் புளிக்க விடும்போது லாக்டிக் அமிலம் உருவாகிறது. அது வேறு கதை, வேறு பீரியட்.

5. இரண்டாம் சுற்றைச் சித்திரை வெயில் என்று வைத்துக்கொண்டு ஆடுங்கள். 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. கோட்டை 60-இல் வெட்டிவிட்டால், முதல் ஆளே வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுக் கோழிக்குக் கை நீட்டுவார்.