அல்புஹாரா கிராமங்களை மேலிருந்து கீழே நடந்து பாருங்கள்

ஸ்பெயினில் கிரனாடா வரை போகிறவர்கள் அல்புஹாரா மலைக்கிராமங்களுக்குக் கட்டாயம் ஒரு நாள் ஒதுக்குங்கள். பஸ்ஸில் நேராக 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கும் கபிலெய்ராவுக்கு ஏறிவிட்டு, அங்கிருந்து புபியோன், பம்பனெய்ரா என்று பழைய நடைபாதையில் இறங்கி வந்தால் முழங்கால் கொஞ்சம் வலிக்குமே தவிர மூச்சு வாங்காது. தார்ச்சாலை வழியாக வர வேண்டாம், சுற்று அதிகம். வெள்ளையடித்த வீடுகள் சில இடங்களில் தெருவுக்குக் குறுக்கே நீண்டு தலைக்கு மேல் கூரையாகவே நிற்கும், அந்த நிழலில் நின்று எதிரே சாம்பல் நிறக் களிமண் பரப்பிய தட்டைக் கூரைகளையும் அதில் முளைத்த உருண்டைப் புகைபோக்கிகளையும் நிதானமாகப் பாருங்கள், அவ்வளவு அழகு! அப்புறம், மதியம் பல கடைகளைச் சாத்திவிடுவார்கள், ரொட்டியும் சீஸும் முன்பே வாங்கிவிடுங்கள். திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.