நம்மை ஆளாக்கியவர்களைத் தேடிச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்வுக் கட்டணத்தைத் தம் கைக்காசிலிருந்து கட்டிய தலைமையாசிரியர், பள்ளி விட்ட பிறகும் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர், மதியச் சாப்பாட்டில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்ட சத்துணவு ஆயா என நம்மை ஆளாக்கியவர்கள் நம்மில் பலருக்கு உண்டு. அவர்களைத் தேடிப் போக நினைப்பவர்களிடம் நல்லெண்ணத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்தச் சந்திப்பு யாருக்காக என்பதை மறந்துவிடுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

இவற்றுள் மிகப் பெரியது தள்ளிப்போடுவது. நல்ல நிலைக்கு வந்த பிறகே அவர் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று பலரும் காத்திருக்கிறார்கள். 1990இல் 40 வயதில் பாடம் நடத்தியவர் இன்று 75 வயதைக் கடந்துவிட்டார். அவர் நம் பதவியையும் சம்பளத்தையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. நாம் நலமாக இருக்கிறோமா என்பதே அவருக்குப் போதும்.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இடமாறுதலில் பல ஊர்களுக்குப் போயிருப்பார்கள். ஓய்வுக்குப் பிறகு சென்னையிலோ பெங்களூரிலோ பிள்ளைகளோடு இருக்கக்கூடும். அதற்காக அவருடைய படத்தை முகநூலில் போட்டு விவரம் கேட்பதும், பள்ளி அலுவலகத்தில் முகவரி தரச்சொல்லி வற்புறுத்துவதும் சரியல்ல. நம் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொடுத்து, அவரிடம் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்வதே முறை. உள்ளூர் ஓய்வூதியர் சங்கத்திலும் இவ்வாறே கேட்கலாம்.

எண் கிடைத்தவுடன் நாமாகவே அழைத்து, “யார் பேசுறேன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்று தொடங்குவது இந்தக் காலத்தில் அவரைக் கலங்கடித்துவிடும். போலீஸ்போலப் பேசி மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடிகளைக் கேள்விப்பட்ட முதியவர்கள், அறியாத எண்களைக் கண்டு அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. முடிந்தவரை வீட்டிலுள்ளவர் ஒருவர் வழியாகவே முதல் பேச்சைத் தொடங்க வேண்டும்.

நேரில் போன பிறகும் “என்னை ஞாபகம் இருக்கா சார்?” என்று கேட்கக் கூடாது. அன்பில் பிறக்கும் கேள்விதான் என்றாலும், ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கண்டவருக்கு அது ஒரு தேர்வு. பதில் சொல்ல முடியாதபோது அவர் மனம் குன்றிப்போகிறது. “நான் 1992இல் பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, மேலத்தெரு தையற்காரர் மகன்” என்று நாமே முழு விவரத்தையும் சொல்லிவிட வேண்டும். நினைவாற்றல் குறைந்தவர் நம்மை வேறொரு மாணவராக எண்ணிப் பேசினால், அதைத் திருத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அடுத்து, பொதுவாகப் புகழ்வதோடு நின்றுவிடாமல், அவர் செய்ததைச் செய்தபடியே சொல்ல வேண்டும். “உங்களால்தான் நான் இன்று இப்படி இருக்கிறேன்” என்பதைக் காட்டிலும், “அன்று நீங்கள் என் அப்பாவிடம் வந்து பேசியதால்தான் பிளஸ் டூவில் சேர்ந்தேன்” என்பது அவரைச் சென்று சேரும். தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது, அந்த இடத்துக்கு உ.வே. சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். சாமிநாதையர் அவரைக் கடைசிவரை மறக்கவில்லை. 1880இல் கிடைத்த அந்த வேலையை நினைந்தே, பின்னாளில் சென்னை வீட்டுக்குத் ‘தியாகராஜ விலாசம்’ என்று பெயரிட்டார். எந்த உதவிக்காக நன்றி என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை.

பழைய மாணவர்கள் வேன் பிடித்துக் கூட்டமாக இறங்கி, பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவதை அடிக்கடி காண்கிறோம். காது மந்தமானவருக்கு அந்தக் கூச்சலில் ஒருவர் பேச்சும் விளங்காது. ஓரிருவராக, அவருக்கு வசதியான நேரத்தைக் கேட்டுக்கொண்டு போவதும், படம் எடுக்க அனுமதி பெறுவதும் அவருடைய முதுமைக்கு நாம் தரும் மரியாதை. முதல் சந்திப்பிலேயே சிபாரிசோ இன்சூரன்ஸ் பாலிசியோ பேச்சில் நுழைந்துவிட்டால், நன்றி சொல்ல வந்ததாக அவர் நம்புவது கடினம்.

பணம் கொடுப்பதில் இன்னும் கவனம் வேண்டும். நல்ல ஓய்வூதியம் பெறும் ஆசிரியரிடம் நீட்டப்படும் கவர் அவரைச் சங்கடப்படுத்தும். ஆனால் சத்துணவு ஆயாவின் நிலை அதுவன்று. சொற்பத் தொகையில் காலந்தள்ளும் அவருக்கு மாத்திரைச் செலவை ஏற்றுக்கொள்வது பேருதவியாக இருக்கும். ஆசிரியர்களைத் தேடிப் போகிறவர்கள்கூட அவரைத் தேடுவதில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. ‘ஆயா’ என்றே அழைத்துப் பழகிவிட்டதால் பெயர்கூடத் தெரியாது என்பார்கள். ஊரில் விசாரித்தால் பெயரும் தெரியும், வீடும் தெரியும்.

தேடிப் போனவர் இறந்துவிட்டார் என்று தெரிந்ததும் திரும்பிவிடுவதும் தவறுதான். வகுப்பறையில் அவர் எப்படி இருந்தார் என்பது பல நேரம் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்காது. துக்கம் விசாரிப்பதோடு நிறுத்தாமல், தங்கள் அப்பா யாருக்குக் கட்டணம் கட்டினார், எந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நடந்து போய்ப் பேசினார் என்பதை அவர்களிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். முடிந்தால் எழுதியும் கொடுத்துவிட்டு வாருங்கள்.