களி கிண்டத் தாங்குமா? கேம்பிங் அடுப்பும் பாத்திரமும் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன டிசம்பரில் போச்சம்பள்ளிப் பக்கம் சொந்தக்காரர் ஒருவரின் மாந்தோப்பில் ராத்தங்கினோம். ஆறு பேர், இரண்டு கூடாரம், ஆன்லைனில் வாங்கிய உள்ளங்கை அளவு ஸ்டவ் ஒன்று. 230 கிராம் கேஸ் டின்னின் தலையில் அதைத் திருகி, மூன்று கால்களை விரித்துப் பற்றவைத்தால் உஸ்ஸென்று நீலமாக எரிந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் நாலே நிமிடத்தில் கொதித்தது. டீ குடித்துவிட்டு ஸ்டவ்வைச் சுற்றி நின்று படமெல்லாம் எடுத்தோம். அப்புறம் ராகி மாவைக் கொட்டினோம்.

களி கிண்டியவர்களுக்கு மீதிக் கதை இந்நேரம் தெரிந்திருக்கும். கூட வந்த பெரியம்மா அடுப்பைப் பார்த்ததுமே கேட்டார்: "ஏண்டா, குண்டானை அண்டக் குடுத்துப் புடிக்க இதுல எடம் எங்கடா இருக்குது?" நான் சிரித்துச் சமாளித்தேன். கட்டையைப் போட்டு நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒரு கால் மடங்கிக் குண்டான் சாய்ந்தது. நல்லவேளை, களி சாக்கின் மேல் கவிழ்ந்தது, யார் காலிலும் படவில்லை. வழித்தெடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கருகல், சுற்றிலும் பச்சை மாவு.

அந்த ஸ்டவ்வைக் குறை சொல்ல முடியாது. தனியாக மலையேறுகிறவர் தண்ணீர் கொதிக்க வைத்து, பாக்கெட் உணவில் ஊற்றிச் சாப்பிடுவதற்காகச் செய்தது அது. வீடியோவில் பார்த்ததை அப்படியே வாங்கி வந்து ஆறு பேருக்குக் களியும் கறிக்குழம்பும் ஆக்கப் பார்த்தது எங்கள் தவறு. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் வெளியே தங்கினால் நூடுல்ஸோடு நிறுத்திக்கொள்வதில்லை. அதனால் எடை எத்தனை கிராம், எத்தனை வாட் என்று பார்ப்பதற்கு முன், சட்டியில் என்ன வேகப்போகிறது, எத்தனை பேருக்கு என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேஸ் கணக்கையும் பலர் போடுவதில்லை. இந்த வகைச் சின்ன பர்னர் முழுத் தீயில் மணிக்குச் சுமார் 200 கிராம் கேஸ் குடிக்கும். அப்படியானால் 230 கிராம் டின் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். டீக்கும் முட்டைக்கும் அது இரண்டு நாள் தாங்கும், நாட்டுக்கோழி வேக வைத்தால் ஒரே வேளையில் காலி. எண்ணெய் நிறுவன ஏஜென்சிகளில் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டரில் அதே தீ 25 மணி நேரம் எரியும். காரில் போகும் கும்பலுக்கு இந்தச் சிலிண்டர், நல்ல ரெகுலேட்டர், ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஓஸ் பைப், அகலக் கால் உள்ள ஒற்றை பர்னர் இரும்பு ஸ்டவ் போதும் என்பது என் முடிவு. பார்க்க அழகாக இருக்காதுதான். தேசிய நெடுஞ்சாலை 44இல் தொப்பூர் கணவாய்க்கு முன்பு லாரியை ஓரம் கட்டிச் சமைக்கும் டிரைவர்களைக் கவனியுங்கள். டயருக்கும் டூல்ஸ் பெட்டிக்கும் நடுவில் காற்றுப் படாத மூலையாகப் பார்த்து அடுப்பை வைப்பார்கள். வருஷம் முழுக்க வெளியில் சமைப்பவர்கள் அவர்கள்.

சிலிண்டரின் தலையிலேயே பர்னரைத் திருகும் வகை வேண்டாம். உயரத்தில் குண்டான் உட்கார்ந்தால் மாந்தோப்பில் எங்களுக்கு நடந்ததுதான் பெரிய அளவில் நடக்கும். முத்திரை இல்லாத லோக்கல் சிலிண்டரும் வேண்டாம். முறையான சிலிண்டரின் கைப்பிடி வளையத் தகட்டில் உட்புறமாக ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி கடைசி மூன்று மாதம். பக்கத்து எண் வருஷம். 'பி 28' என்றால் 2028 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி தாண்டியதைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

சின்ன டின்தான் வேண்டும் என்பவர்கள் ஸ்டவ்வை ஆர்டர் போடும் முன் எந்த டின் உங்கள் ஊரில் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். திருகு வாய் வைத்த குள்ள டின் ஒரு வகை, ஸ்ப்ரே பாட்டில் மாதிரி நீளமாக, வாயில் வெட்டு வைத்தது இன்னொரு வகை. ஒன்றின் ஸ்டவ்வில் மற்றது பொருந்தாது. கேட்டரிங்காரர்கள் மேசை அடுப்புக்கு வாங்குவதால் நீள டின் ஓரளவு கிடைக்கிறது. நான் ஏறி இறங்கிய தர்மபுரிக் கடைகளில் குள்ள டின் கிடைக்கவில்லை, ஆன்லைனில்தான் வாங்கினேன்.

நீள டின்னில் பெரும்பாலும் பியூட்டேன் என்ற வாயு மட்டும்தான் இருக்கும். சுழியம் டிகிரிக்கு அருகில் பியூட்டேன் ஆவியாவதே நின்றுவிடும். நம்ம தர்மபுரிப் பக்கத்து வத்தல்மலையில் அவ்வளவு குளிர் கிடையாதே என்று கேட்பீர்கள். கேஸ் வெளியேற வெளியேற டின் தானாகவே குளிர்ந்துகொண்டே போகும். மார்கழி விடியற்காலையில், பாதி காலியான டின்னைத் தொட்டுப் பாருங்கள், பனி பூத்திருக்கும். அடுப்பும் விளக்குத் திரி மாதிரிதான் எரியும். ராத்திரி டின்னைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டால் காலையில் ஒழுங்காக எரியும். தீயில் காட்டிச் சூடேற்றும் வேலை மட்டும் கூடாது. ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த டின் குளிருக்குத் தேவலை, விலைதான் கூட.

வீட்டுச் சிலிண்டரிலிருந்து இந்த டின்னில் கேஸ் நிரப்ப ஓர் அடாப்டர் விற்கிறார்கள். நூறு இருநூறு மிச்சம் பிடிக்கலாம் என்று அதைத் தொடவே தொடாதீர்கள். 40 டிகிரி வெயிலில் பியூட்டேனின் அழுத்தம் சுமார் 3.8 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) தான், புரோப்பேனுக்கு அது 13க்கும் மேல். வீட்டு கேஸில் இரண்டும் கலந்திருக்கும். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடச் செய்த தகர டின் அதைத் தாங்கும் என்று எந்த நம்பிக்கையில் நிரப்புவது? 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று டின்னிலேயே அச்சடித்திருப்பார்கள். கிருஷ்ணகிரி ஏப்ரல் வெயிலில் பூட்டி நிறுத்திய கார் சுலபமாக அதைத் தாண்டும்.

காற்றுக்கு மறைப்பு வைப்பதிலும் ஒரு கோளாறு நடக்கிறது. டின்னின் மேல் நிற்கும் ஸ்டவ்வைச் சுற்றித் தகடு வளைத்தால் தீயின் சூடு கீழே டின்னுக்கே திரும்பும். காற்று வரும் பக்கம் மட்டும் மறையுங்கள். டின் தள்ளி இருந்து குழாய் வழியாக கேஸ் வரும் ஸ்டவ் என்றால் இந்தத் தொல்லை இல்லை, அது தரையோடு உட்காருவதால் சாய்வதும் குறைவு. மழை வந்தால் கூடாரத்துக்குள் இழுத்து வைத்துப் பற்றவைக்கவே வேண்டாம். மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது, தூக்கம் வருவது போலத்தான் தெரியும்.

இனி பாத்திரம். கடைக்குக் காந்தம் கொண்டுபோய், ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல் என்று முடிவுகட்டுகிறவர்கள் நம்மில் நிறைய. அது பாதி உண்மை. 304 ரக எவர்சில்வரில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு, காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவான 202லும் காந்தம் ஒட்டாது. அதனால் காந்தத்தை விட்டுவிட்டு அடியில் குத்திய எண்ணைத் தேடுங்கள், பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எவர்சில்வர் எவ்வளவு அசலாக இருந்தாலும் சூட்டைப் பரப்புவதில் மந்தம். அலுமினியம் அதைவிடச் சுமார் 15 மடங்கு வேகமாகக் கடத்தும். எங்கள் களியில் நாணயம் அளவு கருகல் விழுந்ததற்குக் காரணம் இதுதான்: குறுகிய தீ, மெல்லிய எவர்சில்வர் அடி. சின்ன பர்னருக்கு அடிகனமான அலுமினியம்தான் தோது. ஆனால் வெறும் அலுமினியத்தில் புளிக்குழம்பு வைத்தால் பாத்திரத்தையும் சேர்த்துச் சாப்பிடுவோம். ஹார்டு அனோடைஸ்டு, அதாவது மேற்பரப்பைக் கெட்டியாக்கிய அலுமினியம், வாங்கினால் அந்தக் கவலை குறையும், சுரண்டல் கீறலும் தாங்கும். டைட்டானியம் இறகு மாதிரி இருக்கும், விலை யானை விலை, சூடு பரப்புவதில் எவர்சில்வரோடுதான் போட்டி. தண்ணீர் காய்ச்ச மட்டும் என்றால் வாங்கலாம். நான்ஸ்டிக் தவா காட்டுக்குச் சரிப்படாது. 260 டிகிரி தாண்டினால் பூச்சு கெடத் தொடங்கும், காலித் தவா குவிந்த தீயில் அதைச் சீக்கிரமே தொட்டுவிடும். பரணில் கிடக்கும் பாட்டி காலத்துப் பித்தளைக் குண்டானைத் தூக்கிப் போகிறவர்கள் ஈயம் பூசியாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூசுகிற அந்த வெள்ளீயமே 232 டிகிரியில் உருகிவிடும், வெறும் குண்டானைத் தீயில் விடாதீர்கள்.

பிளாஸ்டிக் பிடி, மடக்குப் பிடி எதுவும் எனக்கு நிலைத்ததில்லை. பிடியில்லாத பாத்திரமும் நல்ல இடுக்கி ஒன்றும் போதும். குக்கர் கொண்டுபோனால் கேஸ்கெட்டும் வெயிட்டும் ஒவ்வொன்று உபரியாக இருக்கட்டும். ஸ்டவ்வில் முதலில் சாவது பட்டனை அழுத்தினால் பற்றும் பொறிதான், தீப்பெட்டியை மறக்காதீர்கள். அடுத்துப் போவது ரப்பர் வாஷர், அதிலும் இரண்டு உபரி. இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று மொட்டைமாடியிலேயே ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கே பற்றவைக்கலாம் என்பதையும் அடுப்பு வாங்கும்போதே யோசிக்க வேண்டும். ஒகேனக்கல், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பெரும்பகுதி காப்புக்காடு. அதில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது. அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், 'கேஸ் ஸ்டவ்தானே, விறகு இல்லையே' என்ற சமாதானம் வனக்காவலரிடம் செல்லாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. பட்டா நிலமோ தோப்போ என்றாலும் சருகைக் கூட்டித் தள்ளி, வெறும் மண்ணில் அடுப்பை வையுங்கள். ரயிலில் போகிறவர்கள் கேஸை எடுத்துப் போகாதீர்கள், இறங்கும் ஊரில் வாங்கிக்கொள்ளலாம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் சுற்றுலாப் பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்தது உள்ளே ஒளித்துக் கொண்டுவந்த சிலிண்டரால்தான்.

எங்கள் இரண்டாவது ஸ்டவ்வை நேரில் போய்த்தான் வாங்கினோம், பெரியம்மாவும் வந்தார். கடைக்காரர் பற்றவைத்துக் காட்ட வந்தார். பெரியம்மா "அது கெடக்கட்டும் தம்பி" என்று தடுத்துவிட்டு, ஒரு குண்டானில் முக்கால்வாசி தண்ணீர் பிடிக்கச் சொன்னார். அடுப்பில் அதை ஏற்றி, பையிலிருந்து களிக்கட்டையை எடுத்து, குனிந்து நின்று, பலம் கொடுத்து இருபது சுற்றுச் சுற்றினார். முதல் ஸ்டவ் தரையில் நகர்ந்தது. இரண்டாவது ஆடியது. மூன்றாவது, வார்ப்பிரும்பு பர்னரும் வெல்டிங் வைத்த கோணக் கால்களும் உள்ளது, தண்ணீர் மட்டும்தான் சுழன்றது. "இதைக் கட்டு" என்றார்.