தெர்மாகோலில் மரம் செய்தால் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்?

ஜூனில் பள்ளி திறந்த கையோடு சுற்றுச்சூழல் தினம் வந்துவிடும். அந்த வாரம் தெர்மாகோல் அட்டையும் ஜிகினாத் தூளும் எப்படி விற்கிறது என்று மதுரையில் எந்த பேன்சி ஸ்டோரில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். 'வைகையைக் காப்போம்' என்று ஒரு மாடல், அதில் கரை தெர்மாகோல், மரம் பிளாஸ்டிக், ஆறு நீல ஜிகினா. கண்காட்சி முடிந்த மறுநாள் எல்லாம் குப்பைக்குப் போகும், அங்கிருந்து காற்றடித்தால் நிஜமாகவே வைகைக்குப் போகும். (வைகைக்கும் தெர்மாகோலுக்கும் 2017இலேயே ஒரு கதை உண்டு. அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க மிதக்கவிட்டார்கள், காற்று அதைக் கரையில் ஒதுக்கிவிட்டது, ஊரே சிரித்தது. பள்ளி மாடலைப் பார்த்து மட்டும் யாரும் சிரிப்பதில்லை.) ஜிகினாத் தூள் பெரும்பாலும் அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் தாளைப் பொடிப்பொடியாக வெட்டியதுதான், கை கழுவும்போது சாக்கடையில் இறங்கினால் திரும்ப அள்ள வழியே கிடையாது.

இதற்கு அண்ணன், 'கழிவிலிருந்து கலை' என்று சொல்லிவிட்டுப் புதுசாக வாங்கி வரச் சொல்வது. யாருமே ஐஸ் சாப்பிடாத ஐஸ் குச்சி பாக்கெட், யாருமே குடிக்காத ஸ்ட்ரா. பிளாஸ்டிக் ஸ்ட்ராவும் தெர்மாகோல் தட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கின்றன, ஆனாலும் கைவினைக்கு வாங்க வேண்டிய பட்டியலில் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. வீட்டில் இந்த வாரம் என்ன மிஞ்சியதோ அதிலிருந்து தொடங்குங்கள்: பழைய கல்யாணப் பத்திரிகை, சிரட்டை, தையல்கடைத் துண்டுத்துணி. கோடையில் நுங்கு தின்றதும் கூட்டைத் தூக்கிப் போடாமல் இரண்டு கூடு, ஒரு குச்சி, ஒரு கவட்டைக் கம்பு வைத்து நுங்கு வண்டி செய்தால் பனையைப் பற்றிப் பேச அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. செய்யத் தெரியாவிட்டால் தாத்தாவைக் கேளுங்கள்.

சரி, இயற்கைப் பொருள் என்றாலே பிரச்சினை இல்லையா? அங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இலை ஒட்டும் வேலை என்று செடியையே மொட்டையடித்துக் கொண்டு வருவார்கள். கீழே விழுந்ததை மட்டும் பொறுக்க வேண்டும், செடியில் இருக்கிற இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும். கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அது பட்டாம்பூச்சிப் புழுவாக இருக்கலாம், எருக்கிலும் ஒரு வகைப் புழு உண்டு. அதை வரையச் சொல்லுங்கள். (எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, அதனால் அந்தச் செடியைக் கையால் தொடாமல் பார்க்கட்டும்.) கிணற்றுமேட்டுப் பனையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டையும் 'காலியாகத்தானே இருக்கிறது' என்று அறுத்து வந்து வரவேற்பறையில் மாட்டாதீர்கள். பழைய கூட்டைச் சில்லைக் குருவிகள் எடுத்துக்கொள்ளும். குஞ்சோ முட்டையோ இருக்கிற கூட்டைக் கலைத்தால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டைக் கணக்கிலேயே வரும்.

குன்றிமணியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிவப்பும் கருப்புமாக அழகாக இருக்கிறது என்று மாலை கோர்க்கவும் பிள்ளையாருக்குக் கண் வைக்கவும் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள். அதற்குள் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. தோல் கெட்டியாக இருக்கும்வரை ஓரளவு தப்பிக்கலாம், ஆனால் கோர்ப்பதற்காக ஊசியால் துளை போட்டாலோ பிள்ளை கடித்து மென்றாலோ அந்தக் காப்பு போச்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம், பிள்ளையார் கண்ணுக்கு மிளகு போதும்.

அப்புறம் விதைப்பந்து. செம்மண்ணும் சாணமும் பிசைந்து உருட்டுவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், படமும் நன்றாக வரும், ஆனால் முளைக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பவர் குறைவு. முதல் கோளாறு காலம். நம் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில், நாம் உருட்டுவதோ ஜூனில். வேப்பம்பழம் ஆனி, ஆடியில் உதிரும், அந்த விதைக்கு முளைப்புத் திறன் சில வாரம்தான், நாவலுக்கு அதுவும் கிடையாது. பந்துக்குள் வைத்து மாதக்கணக்கில் காய வைத்து ஐப்பசியில் எறிந்தால் எறிவது வெறும் மண்ணுருண்டை. இவற்றைப் பழம் உதிர்ந்த சூட்டோடு தொட்டியிலோ பையிலோ போட்டு, பிள்ளையே தண்ணீர் ஊற்றி, மழைக்காலத்தில் கன்றாக நடுவதுதான் சரி. இரண்டாவது கோளாறு இடம். பாறையும் புதருமாக இருக்கிற குன்றைப் பார்த்தால் வெறும் பொட்டலாகத் தெரியும். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக் குன்றுகளும் பார்வைக்கு அப்படித்தான், ஆனால் 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது அந்த இடம்தான், சுமார் 250 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. வல்லூறுக்கு வேண்டியது திறந்த பாறை, அங்கே போய்க் கண்ட விதையை வீசிவிட்டு வருவது உதவி இல்லை. கண்மாய்களைச் சீமைக்கருவேலம் படுத்தும் பாட்டைப் பார்த்த பிறகும் 'ஏதோ ஒரு மரம்' என்ற எண்ணம் நமக்குப் போகவில்லை.

வரையச் சொன்னால் பனிக்கரடி, உருகும் பனிமலை, பென்குயின். பாவம், அதுகள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதே அரிட்டாபட்டிப் பக்கம் வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போராடி 2025 ஜனவரியில் ஏலத்தையே ரத்து செய்ய வைத்த மாவட்டத்தில், பிள்ளைகளின் நோட்டில் ஒரு தேவாங்கோ எறும்புத்தின்னியோ இல்லை என்றால் எப்படி?

களிமண் வேலைக்கு மதுரைக்குப் பக்கத்திலேயே விளாச்சேரியில் பொம்மை செய்கிற தெரு இருக்கிறது, ஒரு முறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். பச்சை மண்ணில் பிள்ளையார் பிடித்துவிட்டு மேலே எனாமல் பெயின்ட் அடித்தால் மண்ணில் செய்ததற்கே அர்த்தமில்லை. மஞ்சள் பூசலாம், அதில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாகும், பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். வெயிலில் வெளுத்துத்தான் போகும், போகட்டும்.

இரவு பதினொரு மணிக்கு அப்பா, அம்மா உட்கார்ந்து செய்து முடிக்கும் மாடலைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. அதற்கு மார்க் போடும் ஆசிரியருக்கும் அது யார் செய்தது என்று தெரியும்.